கொண்டுபோவது, கொடுப்பது, வைப்பது

எனக்குப் பட்டியல் போடாமல் ஒரு வேலையும் ஓடாது. பதினான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்ததில் ஒட்டிக்கொண்ட குணம். எந்தப் படுக்கைக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, கொடுத்தாச்சா, டிக். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. மறுநாள் என்ன குழம்பு என்பதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அந்தத் தாளைத் தேடிக்கொண்டிருக்கும் ரகம் நான்.

அப்படிப்பட்டவளுக்கு அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. செய்தி வந்ததும் நான் செய்த முதல் காரியம் மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றியது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது இரண்டாவது காரியம். முதல் காரியம், நீளமான நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டது. கொண்டுபோவது, கொடுப்பது, வைப்பது.

இந்த மூன்றுக்கும் என்ன அர்த்தம் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தேன். கொண்டுபோவது என்றால் பெட்டியில் ஏறும். விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ, கையில் ஏழு கிலோ. அதற்கு மேல் ஒரு ஊசி கூடக் கூடாது. கொடுப்பது என்றால் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பக் கேட்கக் கூடாது. வைப்பது என்றால் இங்கேயே யார் வீட்டிலாவது இருக்கும், ஆனால் நம்முடையது. எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் நாங்கள் இருந்தது வாடகை வீடு, மாடி போர்ஷன். அதைக் காலி செய்தாக வேண்டும். ஆகவே வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றும் இந்த மூன்று கட்டங்களில் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்பது என் சட்டம்.

வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் கணவர், ஏழு வயது மகள், மாமா. மாமா என்றால் என் மாமனார். எழுபத்து நாலு வயது. அத்தை போய் ஒன்பது வருஷமாகிறது. எங்கள் மூன்று பேருக்கும் விசா வந்தது. மாமாவுக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

நோட்டின் ஏழாவது பக்கத்தில், "கொடுப்பது" கட்டத்தில், "கிரைண்டர் – கீழ்வீட்டு அக்கா" என்ற வரிக்கும் "சைக்கிள் – பால்காரர்" என்ற வரிக்கும் நடுவில், "மாமா – மதினி வீடு" என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆஸ்பத்திரியில் டீ குடிக்கும் நேரத்தில் அவசரமாக எழுதிய பக்கம் அது. யோசித்து எழுதவில்லை. யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று எனக்கு நானே இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

மதினி என் கணவருடைய அக்கா. வேடசந்தூரில் இருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை, இரண்டே அறை உள்ள வீடு, கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்கள். மாமாவை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க நானும் கணவரும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். முதல் ஞாயிறு மதினி காபி கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு சோறு போட்டார், பதில் கொடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, நாங்கள் படியிறங்கும்போது, சரி என்றார். அந்த ஒரு சரியை நம்பித்தான் டிக்கெட் போட்டோம். என் கணவர் அதற்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு அவர் வர மாட்டார், மகளையும் அனுப்ப மாட்டார், நான் வேண்டுமானால் போய்க்கொள்ளலாம். சண்டையில் சொன்னதாக இருந்தால் சமாளித்திருப்பேன். மனுஷன் சாதம் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

ஆக மதினியின் மனசு மாறாமல் ஏப்ரல் மாதத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பதே என் ஜெபமாக இருந்தது.

வாங்க வேண்டிய சாமான்கள் தனி நோட்டு. எனக்கு முன்னால் அங்கே போன நர்ஸுகள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். குக்கர் கட்டாயம் கொண்டுவா என்றாள் ஒருத்தி. இங்கேயே கிடைக்கும், வீணாகச் சுமக்காதே என்றாள் இன்னொருத்தி. குக்கர் கிடைக்கும், கேஸ்கட் கிடைக்காது, பத்து வாங்கிக்கொள் என்றாள் மூன்றாவது. குடை கொண்டுவராதே, காற்றில் மடங்கிவிடும் என்றாள் நாலாவது. அதற்குள் நான் மூன்று குடை வாங்கியிருந்தேன்.

சுவெட்டர் வாங்கப் போன கதைதான் பெரிய கூத்து. சித்திரை வெயிலில் திண்டுக்கல்லில் சுவெட்டர் கேட்டால் கடைக்காரர் முகத்தையும் நெற்றியையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார், காய்ச்சலோ என்று. பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. கொடைக்கானலுக்கா, எத்தனை நாளைக்கு என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்கு என்றேன். மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்ததை இறக்கினார்கள். குரங்குக் குல்லாயோடு என் கணவர் கண்ணாடி முன் நின்றபோது காதோரம் வியர்வை ஓடியது. மகள் அவரை அப்பா என்று ஒத்துக்கொள்ள மறுத்துவிட்டாள்.

பெட்டிகளை நிறுக்க ஒரு தராசு வாங்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். வாங்கவே இல்லை. மாமா இருக்கும்போது தராசு எதற்கு.

மாமா முப்பது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திண்டுக்கல், நிலக்கோட்டை வழித்தடம். விடிந்தும் விடியாமல் நிலக்கோட்டையில் பூ மூட்டைகள் பஸ்ஸில் ஏறும். ஒவ்வொரு மூட்டையையும் ஒற்றைக் கையால் அரை அடி தூக்கிப் பார்த்துவிட்டுக் கிலோ சொல்லி லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார். தண்ணீர் தெளித்து கனத்த மூட்டை என்றால் தண்ணீருக்கு ஒன்று கழித்துக்கொள்வார். யாரும் அவரோடு தகராறு செய்ததில்லை. சொந்தக்காரன், தெரிந்தவன் என்று யாருக்கும் சலுகையும் கிடையாது. என் ஊர் நிலக்கோட்டைதான், என் கல்யாணமும் அங்கேதான். கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட இந்த மனுஷன் டூட்டி பார்த்தார். அன்றைக்குச் சீர் இட்லிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் வந்த தன் பெண்ணுக்கே லக்கேஜ் டிக்கெட் போட்டவர். மதினி அந்தப் பானையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த டிக்கெட்டையும் சேர்த்துத்தான் சொல்வார்.

அதனால் மாமாவிடம் நோட்டைக் கொடுத்துவிட்டேன். பெட்டியை அவர் தூக்கிப் பார்த்து "முப்பத்தி ரெண்டு" என்பார். நான் இரண்டு புடவையை எடுப்பேன். மறுபடி தூக்கி "முப்பத்தி ஒண்ணேகால்" என்பார். எந்தச் சாமான் வீட்டை விட்டுப் போகிறதோ, அதைத் தூக்கிப் பார்த்து, நோட்டில் டிக் போட்டுப் பக்கத்தில் கிலோவையும் எழுதுவது அவர் வேலை. யாரும் கிலோ எழுதச் சொல்லவில்லை. கிரைண்டரைக்கூட விடவில்லை, சாய்த்துப் பார்த்து எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. வேலை கொடுத்து நல்ல காரியம் செய்தேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஏழாவது பக்கம் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ஒரு நாள் மகள் அவரிடம், தாத்தா ஏன் எங்களோடு வரவில்லை என்று கேட்டாள். நான் சமையற்கட்டில் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மாமா யோசிக்கவே இல்லை.

"நான் அறுபத்தியோரு கிலோ இருக்கேன்ப்பா. கையில ஏழு கிலோதான விடுவாக."

மகளுக்கு அது சரியான பதிலாகப் பட்டது. எனக்குக் குழம்பு அடிப்பிடித்தது.

இனி பாத்திரங்கள். எங்கள் வீட்டில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கிக் கொடுப்பவர்கள் கடையிலேயே அதில் தங்கள் பேரை வெட்டித்தான் கொடுப்பார்கள். ஒரு சின்ன மிஷின் கிர்ர் என்று ஓடும், புள்ளி புள்ளியாக எழுத்து விழும். கொடுத்தவர் இனிஷியல், பேர், கல்யாணத் தேதி. நகரத்துப் பெண்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தம்ளரைக் கையில் எடுத்தாலே பெரியப்பா நினைவு வரும் என்பது எங்கள் நியாயம். பதினோரு வருஷமாகத் தினமும் அந்தப் பேர்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் எனக்கு அவை பேராகவே தெரியாமல் போய்விட்டன. பூ டிசைன் மாதிரி ஆகிவிட்டன. அதுதான் நான் செய்த தப்பு.

அங்கே இண்டக்ஷன் அடுப்பு, அதற்கென்று அடிப்பாகம் வைத்த பாத்திரம்தான் வேண்டும் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். ஆகவே இருந்த பாத்திரங்கள் மொத்தத்தையும் "கொடுப்பது" கட்டத்தில் போட்டு, ஒரே நாளில் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துத் தீர்த்தேன். என் சித்தி கொடுத்த தூக்குவாளி என்னோடு வேலை பார்த்த நர்ஸுக்கு. பெரியப்பா கொடுத்த சம்படம் தையல்கார அக்காவுக்கு. மதினி கொடுத்த இட்லிப் பானை கீழ்வீட்டு அக்காவுக்கு. மாமா ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, டிக் போட்டு, கிலோ எழுதினார். இட்லிப் பானையை மட்டும் இரண்டு தரம் தூக்கினார். நாலு கிலோ என்று எழுதினார். யார் எதற்காக ஏறி எதற்காக இறங்குகிறார்கள் என்று கண்டக்டர் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். எங்கள் மாதா கோயில் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் இருபது சேர்ந்தால் ஒரு அன்பியம். மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடி ஜெபமாலை சொல்லி, சுண்டல் சாப்பிட்டுக் கலைவோம். இந்த முறை எங்களை வழியனுப்ப என்று எங்கள் வீட்டில் வைத்தார்கள். சித்தியைக் கூப்பிட்டேன். பெரியப்பாவைக் கூப்பிட்டேன். மதினியைக் கூப்பிடாமல் முடியுமா, அவர் வேடசந்தூரிலிருந்து மதியமே வந்து இறங்கிவிட்டார். இரண்டு நாள் இருந்துவிட்டு, நாங்கள் கிளம்பும் அன்று மாமாவை அழைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

ஆறு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. எங்கள் பக்கம் ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம், ஒரு கைப்பிடி சீனியாவது போடுவோம். நான் கொடுத்தது திருப்பித் தர வேண்டிய பாத்திரம் அல்லதான். ஆனால் ஊருக்குப் போகிறவளுக்குப் பலகாரம் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அந்தப் பாத்திரம்தான் கைக்கு வந்திருக்கிறது. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நர்ஸ் தோழி தூக்குவாளி நிறைய மாங்காய் ஊறுகாய். தையல்கார அக்கா சம்படம் நிறைய பருப்புப் பொடி. கீழ்வீட்டு அக்கா, மகராசி, இட்லிப் பானை வாய் வரைக்கும் முறுக்கு. எல்லாவற்றையும் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மேஜையில் வரிசையாக வைத்தார்கள். இட்லிப் பானை நடுவில். பேர் வெட்டிய பக்கம் கூடத்தைப் பார்த்து.

நான் கடைசியாகக் கூடத்துக்கு வந்தேன். மேஜையைப் பார்த்ததும் அதை நோக்கி இரண்டு அடி வைத்தேன். அதற்குள் ஜெபமாலை தொடங்கிவிட்டது. முழங்கால் போட்டாயிற்று. எழுந்து போய்ப் பானையைத் திருப்பி வைக்க முடியாது. பதினோரு வருஷம் என் கண்ணுக்கே படாத பேர்கள் அன்றைக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுத்து எழுத்தாக ஜொலித்தன.

மதினி எனக்கு இரண்டு வரிசை முன்னால். ஜெபமாலையின் முதல் பத்து மணிகளில் அவர் கண் மூடித்தான் இருந்தது. இரண்டாவது பத்தில் திறந்தது. 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்லும்போது மேஜையைப் பார்க்கிறார், இரண்டாம் பாதிக்குத் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறார். ஜெபம் ஒரு வார்த்தை பிசகவில்லை. மூன்றாவது பத்தில் சித்தியும் தன் தூக்குவாளியைக் கண்டுகொண்டாள். நாலாவது பத்தில் பெரியப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஐம்பத்து மூன்று மணியும் எனக்காக யாராவது வேண்டிக்கொள்ள வேண்டிய நிலைமை, ஆனால் நானோ மாதாவே கரண்டு போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். போகவில்லை. போனாலும் மெழுகுவர்த்தி இருந்தது.

ஜெபம் முடிந்து சிலுவை போட்டுக்கொண்டதும் மதினி நேராக மேஜைக்குப் போனார். பானையை ஒரு சுற்றுச் சுற்றினார். கீழ்வீட்டு அக்கா ஒன்றும் அறியாமல், நல்ல கெட்டிப் பானை, இப்போதெல்லாம் இப்படிக் கிடைப்பதில்லை, இந்தத் தங்கச்சிதான் கொடுத்தது என்று என்னைக் காட்டிப் புகழ்ந்தாள். மதினி அவளைக் கோபிக்கவில்லை. முறுக்கில் ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சித்தி தன் பங்குக்கு ஆரம்பித்தாள். நர்ஸ் தோழிக்கு விஷயம் புரிந்து, ஊறுகாயை வேறு பாட்டிலில் மாற்றித் தருவதாகச் சொல்லி இன்னும் கெடுத்தாள். பெரியப்பா சம்படத்தைக் கையில் எடுத்துத் திருப்பியவர், அடியில் தேய்த்து அழித்த வேறொரு பேர் இருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மேஜையில் வைத்து, பேர் வெட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டு, சுண்டல் இருக்கிறதா என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதே மதினி பேசினார். கத்தவில்லை.

"நான் குடுத்தத வச்சுக்க ஒனக்கு எடமில்ல. நீ குடுக்கிறத மட்டும் நான் வச்சுக்கணும். வெள்ளைக்காரக் கெழவிகளப் பாக்கப் போறவளுக்கு எங்கப்பனப் பாக்க முடியல. எனக்கு மட்டும் பங்களாவா இருக்கு? நீயே உங்க மாமாவக் கூட்டிட்டுப் போ. இல்லாட்டி போகாத."

நான் பதில் சொல்லத் தெரியாதவள் அல்ல. வார்டில் டாக்டர்களையே வாயடைக்க வைத்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பானைக்காகத்தான் அவ்வளவும் என்று அங்கே இருந்த மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் மதினி வாய்க்குள் வைத்திருந்த பதில் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். சாதம் பிசைந்துகொண்டு சொன்ன அன்றைக்கு இருந்த அதே முகம். அயர்லாந்து என் கையிலிருந்து நழுவி மேஜைக்கடியில் உருண்டது மாதிரி இருந்தது.

மாமா மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"எம்மேல யாரும் பேரு வெட்டலத்தா," என்றார் மதினியைப் பார்த்து. "எந்த வீட்டுல எறக்கி விட்டாலும் யாருக்கும் தெரியாது. இதுக்குப் போயி சண்ட போடாதீக."

வேடிக்கைக்காகத்தான் சொன்னதாக மாமா இன்றும் சாதிக்கிறார். மதினி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் முறுக்குப் பானையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்கள் ஒவ்வொருவராகச் சுண்டலை முடித்துக்கொண்டு, செருப்பு மாட்டும் சத்தம்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார்கள். கீழ்வீட்டு அக்கா மட்டும் பானையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று கையால் ஜாடை காட்டினாள்.

வீட்டு ஆட்கள் மட்டும் மிஞ்சியதும் மதினி மூக்கைச் சிந்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அப்பாவை அவர் கூட்டிக்கொண்டு போவார். கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாராம், பெத்த அப்பனை விடுவாளா என்றார். ஆனால் ஒன்று. அந்தப் பானை இந்தியாவில் இருக்கக் கூடாது.

"நீ கொண்டுபோற. அங்க வச்சு இட்லி அவிக்கிற. நான் போன்ல பாப்பேன்."

அங்கே அந்த அடுப்பில் இந்தப் பானை சூடாகாது என்று என் கணவர் அறிவியல் பேச வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

நாலு கிலோ பானையை ஏற்ற நாலு கிலோ இறக்க வேண்டும். குக்கர் வெளியே வந்தது. பத்து கேஸ்கட்டும் வந்தது. மூன்று குடையும் வந்தது. கணவருடைய குரங்குக் குல்லாய்க்கு அவர் தானாகவே விடுதலை கொடுத்துக்கொண்டார். பானை வயிற்றுக்குள் சாக்ஸும் பொடிப் பொட்டலங்களும் திணித்து, மூடி, பெட்டி நடுவில் உட்கார வைத்தோம். மாமா தூக்கிப் பார்த்தார். "முப்பது. அப்படியே விடு" என்றார். விமான நிலையத்தில் தராசு முப்பது புள்ளி ஒன்று காட்டியது. அந்தப் புள்ளி ஒன்று தராசின் தவறு என்றுதான் நான் நம்புகிறேன். ஸ்கேனில் பானையைப் பார்த்துப் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, பேரை வாய்விட்டு வாசித்துவிட்டு, யார் இது என்று கேட்டார். அக்கா என்றார் என் கணவர். அவருக்கும் ஒரு அக்கா இருந்திருக்க வேண்டும், மூடச் சொல்லிவிட்டார்.

அதற்கு முன், கிளம்பிய அன்று காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வீடு காலி. பேசினால் எதிரொலித்தது. மதினி ஆட்டோ கூப்பிடக் கீழே போயிருந்தார். மாமாவுடைய சாமான் ஒரு தோல் பையும், ஒரு மஞ்சள் பையும். அவர் என்னிடம் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஏதோ எழுதினார். பெட்டி எண்ணிக்கையைச் சரிபார்க்கிறார் என்று நினைத்து, சீக்கிரம் மாமா, நேரமாகிறது என்றேன். முடித்துவிட்டு நோட்டை மூடி என் கைப்பையில் அவரே வைத்தார். மகளை ஒற்றைக் கையால் அரை அடி தூக்கி, "இருவத்தி ரெண்டு. நல்லா சாப்பிடு" என்றார். எனக்கு நெற்றியில் சிலுவை போட்டார். ஆட்டோ வந்தது. பையைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அயர்லாந்து அடுப்பு அந்தப் பானையைப் பாத்திரமாகவே மதிக்கவில்லை. வைத்தால் கீச் கீச் என்று கத்தி அணைந்துவிடும். இப்போது அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மதினி வீடியோவில் வரும்போது வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, துடைத்து, அடுப்பின் மேல் வைத்துவிடுவேன். பானையைக் காட்டு என்பார். காட்டுவேன். பேர் தெரிகிறதா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் போனைத் திருப்பி மாமாவைக் காட்டுவார். சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி, நாற்காலியில் உட்கார வைத்திருப்பார். துடைத்து வைத்த லட்சணம் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இது வாரா வாரம் நடக்கும் சோதனை. இதுவரை இருவரும் பாஸ்.

மூன்று மாதம் கழித்து, மகளின் தடுப்பூசி அட்டையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். அதை "வைப்பது" கட்டத்தில் யார் வீட்டில் வைத்தேன் என்று பார்க்க நோட்டைத் திறந்தேன். சித்தி வீட்டில். பீரோவோடு. பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் எதிரே மாமாவின் சின்ன எழுத்தில் டிக்கும் கிலோவும். ஏழாவது பக்கம் வந்தது.

கிரைண்டர் – கீழ்வீட்டு அக்கா, டிக், முப்பது கிலோ. அதற்குக் கீழே, மாமா – மதினி வீடு. டிக். அறுபத்தியோரு கிலோ.

நான் வேலைக்குப் போக யூனிபாரம் போட்டிருந்தேன். அப்படியே சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நோட்டை அவர் கையில் கொடுத்ததே நான்தான். எத்தனை நாள் முன்னால் அந்த வரியைப் படித்திருப்பாரோ தெரியவில்லை. படித்த பிறகும் ஒவ்வொரு நாளும் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துக் கிலோ சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பானையைக் காட்டும் முன்பே மாமாவைக் கொடுங்கள் என்றேன். மதினிக்குச் சட்டமீறலாகப் பட்டது, ஆனாலும் போனைக் கொடுத்தார். நோட்டை அவருக்குக் காட்டி, இதற்கு ஏன் மாமா டிக் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"போன சாமானுக்கெல்லாம் டிக் போடச் சொன்னது நீதானத்தா," என்றார். "ஒண்ண மட்டும் விட்டா பட்டியல் முடியாதுல்ல."

கட்டம் தப்பு மாமா, என்றேன். நான் அதைக் கொடுப்பதில் எழுதியிருக்கக் கூடாது, வைப்பதில் எழுதியிருக்க வேண்டும். முதல் பக்கத்தில் அர்த்தம் போட்டிருக்கிறேன், பார்த்தீர்களா. எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்வோம் என்று.

அவர், நெட்டு சரியில்லத்தா என்று சொல்லிப் போனைத் திருப்பிவிட்டார். வேடசந்தூர் வீட்டின் மின்விசிறி சுற்றுவது ஒரு தடங்கலும் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பின்னாலிருந்து மதினியின் குரல், பானை எங்கே, பானையைக் காட்டு என்றது. நான் எழுந்துபோய் வெங்காயத்தைக் கொட்டினேன்.